மிச்சம் இரண்டு குலவை

மார்ச் 12, வியாழன். நேற்றைய நாட்குறிப்பில் ஒரு பிழை. ஹரேகு பிறந்தபோது அவளுடைய பெரியம்மா ஏழு குலவை இட்டதாக அதில் இருக்கிறது. ஏழு என்பது ஆண் குழந்தைக்கு. எரித்ரியக் குடும்பங்களில் பெண் பிறந்தால் மூன்றுதான். அந்த மூன்றிலும் ஒன்றுதான் அன்று வெளியே கேட்டது. மற்ற இரண்டும் குழந்தையின் வாய்க்குள் போய்விட்டன.

சுவீடனில், யொத்தெபொரி நகரத்து மருத்துவமனை ஒன்றில் இது நடந்தது. குழந்தையின் தாய் லெம்லெமுக்கு அக்கா அப்ரெஹெத். அவள் முதல் குலவையை இட்டதுமே தாதி உதட்டில் விரல் வைத்து, பக்கத்து அறையில் தூங்குகிறார்கள் என்றாள். அதற்குள் மற்ற இரண்டும் அடிவயிற்றிலிருந்து கிளம்பி அப்ரெஹெத்தின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டிருந்தன. திரும்பிப் போக அவற்றுக்கு வழியில்லை. குழந்தை அப்போதுதான் கொட்டாவி விட்டது. கூரை இடுக்கில் குருவிகள் நுழைவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக அவை உள்ளே போனதை லெம்லெம் கண்ணால் பார்த்தாள். தாதி குழந்தையை மறுபடி எடை போட்டுவிட்டு, தராசு பழுது என்று குறித்துக்கொண்டாள். அதுவரை அவர்கள் வசித்த ஹம்மர்குல்லன் குடியிருப்பில் அப்ரெஹெத்தின் குலவை இல்லாமல் எந்த மாப்பிள்ளையும் காரைவிட்டு இறங்கியதில்லை. அன்று முதல் அவள் வாயைத் திறந்து நாக்கை ஆட்டினால் வெறும் காற்று வந்தது. சில வருடம் கழித்துத் தம்பி ஃபில்மோன் பிறந்தபோது வேறு பெண்கள் வண்டிகள் நிறுத்துமிடத்தில் கூடி நின்று ஏழையும் குறைவில்லாமல் இட்டார்கள். அவனுக்கு இதுவரை ஒரு பாட்டும் வரவில்லை.

ஹரேகு கொஞ்சம் வளர்ந்ததும், பெரியம்மா காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டாள்.

“அவனுக்கு ஏழு, எனக்கு மட்டும் ஏன் மூணு?”

“மூணு எங்கடி போட்டேன்? ஒண்ணுதான். மிச்சத்த நீ முழுங்கிட்ட. பொறந்த அன்னைக்கே உனக்கு அவ்வளவு பசி.”

பாட்டெழுதவும் பாடவும் ஹரேகுவுக்கு வாய்த்த இடம் கட்டடத்தின் அடித்தளத்திலிருந்த பொதுச் சலவை அறை. குடும்பத்தின் முறை வரும்போதெல்லாம் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு அவளே போனாள். இயந்திரம் துணியைப் பிழியும் தட்டலில் தாளம் இருந்தது. ஓடு பதித்த சுவர்கள் குரலைப் பெரிதாக்கின. அப்பா ஒக்பாய் டிராம் ஓட்டுபவர். கடைசி நிறுத்தத்தில் தூங்கிப்போன பயணிகளை அவர் எழுப்பும் விதத்தைப் பற்றியது அவளுடைய முதல் பாட்டு. வாயை முழுதாகத் திறந்து பாடினால் மூன்றாவது அடியில் உள்ளேயிருந்து ஒரு குலவை எழும்பும், அவள் குரலில் அல்ல, பெரியம்மாவின் முப்பது வயதுக் குரலில். அப்போது இயந்திரத்தில் கிடக்கும் துணிகள் காய்ந்து வெளியே வரும். அக்கம்பக்கத்தார் அவளுடைய முறைக்கு முன்னும் பின்னும் தங்கள் முறையைப் பதிந்துகொள்ளத் தொடங்கினார்கள். இரண்டாம் மாடி ஃபின்லாந்துக்காரர் கதவில் ஒரு சீட்டு ஒட்டினார்: பாட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் இயந்திரத்தின் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்துவிட்டுப் போகவும்.

இசை நிறுவனத்திலிருந்து ஸ்டஃபான் வந்தது அவளுடைய இருபத்து மூன்றாம் வயதில். நல்ல மனிதர், சோல் எனும் அமெரிக்கக் கறுப்பினப் பாட்டென்றால் உயிரை விடுவார். ஒலிப்பதிவுக் கூடத்திலும் மூன்றாவது அடியில் குலவை வந்தது. பதிவுக்காரர் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தார். அதோடு பாட்டு முழுவதும் போய், நாற்காலி கிரீச்சிடும் சத்தம் மட்டும் மிஞ்சியது. மூன்று கூடங்களில் முயன்று பார்த்தார்கள். மூன்று நாற்காலிகளின் சத்தம் கிடைத்தது.

“பாதி வாயத் தொறந்து பாடிப் பாரேன்,” என்றார் ஸ்டஃபான். “கேக்குறவங்க சாஞ்சு உக்காரணும், பயந்து எழுந்திரிக்கக் கூடாது.”

பாதி வாயில் குலவை வரவில்லை. தன் பாட்டு ஊரெல்லாம் கேட்க வேண்டும் என்பது பதின்மூன்று வயதிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே ஆசை, அதனால் பாதி வாயிலேயே ஒரு தொகுப்பு முழுவதையும் பாடி முடித்தாள். தொகுப்பு வெளிவந்தது, விற்றது. பத்திரிகைகள் மென்மை என்ற சொல்லை ஆளுக்கு ஒரு முறையாவது எழுதின. குலவைகள் இரண்டும் அவள் தொண்டைக்குள் இடித்துக்கொண்டு கிடந்தன. அவள் கழுத்தில் சால்வை சுற்றத் தொடங்கினாள், பக்கத்தில் நிற்பவர்களுக்கு அந்த முட்டல் கேட்டதால்.

பெரியம்மா அந்தப் பாட்டை வானொலியில்தான் முதலில் கேட்டாள்.

“யாருடி இது? உன்ன மாதிரியே பாடுறா. பாவம், காய்ச்சல் போல.”

“நான்தான், பெரியம்மா.”

பெரியம்மா வானொலியை நிறுத்தினாள். இரண்டாம் சுற்றுக் காப்பியை ஊற்றி முடித்தாள்.

“அப்ப என்னோடத திருப்பிக் குடு. பூட்டி வைக்கிறதுக்கு நீ எதுக்கு? எனக்காவது கல்யாணத்துக்குப் போக ஆகும்.”

ஹரேகு அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனாள். அடுத்த வாரம் நாடு முழுவதும் பார்க்கும் நேரலை நிகழ்ச்சி ஒன்றில் அவள் பாட வேண்டியிருந்தது. மேடை ஏறும் முன் ஸ்டஃபான் அவளைத் தனியாக அழைத்தார்.

“அது வெளிய வந்துச்சுன்னா ரெண்டாவது தொகுப்பு கிடையாது. மேலிடத்துல சொல்லிட்டாங்க. நான் கெட்டவன் இல்ல ஹரேகு, ஆனா கிடையாது.”

“சரி.”

“எதுக்குச் சரி?”

“கிடையாதுக்கு.”

சால்வையைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். முதல் இரண்டு அடி வழக்கம்போலப் போயின. மூன்றாவதில் அவள் வாயை முழுதாகத் திறந்தாள். பாதி வாய்க்குள் அடைந்து கிடந்த இரண்டாவது குலவை வந்தது, அது முடியும் முன்பே மூன்றாவதும் வந்தது. கட்டுப்பாட்டு அறையில் ஒலியை நிறுத்தினார்கள். அணைத்து வைத்திருந்த தொலைக்காட்சிகளிலும் அது கேட்டது. ஹம்மர்குல்லனில் எரித்ரியப் பெண்கள் பால்கனிக்கு வந்து நான்காவதை இட்டார்கள். ஐந்தாவதை சோமாலியப் பெண்களும், ஆறாவதைக் குர்துப் பெண்களும் எடுத்துக்கொண்டார்கள். குலவையிடத் தெரியாத சிலி நாட்டுப் பெண்கள் பாத்திரங்களைத் தட்டினார்கள். ஒக்பாய் நிறுத்தம் இல்லாத இடத்தில் டிராமை நிறுத்தினார். ஏழாவதுக்கு ஆள் இல்லாமல் கொஞ்ச நேரம் எல்லோரும் நின்றார்கள். அப்புறம் எட்டாம் மாடியில் அப்ரெஹெத் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். காற்று வரவில்லை, குலவை வந்தது.

“அது என் கணக்கு,” என்றான் ஃபில்மோன்.

“உன் கணக்க வச்சு நீ என்ன கிழிச்ச?” என்றாள் லெம்லெம்.

ஸ்டஃபான் சொன்னபடியே இரண்டாவது தொகுப்பு கிடையாது என்று கடிதம் வந்தது. சால்வையும் துவைத்து மடித்து வந்தது. அந்த மருத்துவமனையில் இப்போது எந்தக் குழந்தை பிறந்தாலும், யாரும் வாயைத் திறக்காமலே, நடைக்கூடத்தில் ஏழு முறை குலவை கேட்கிறது. ஆண், பெண் என்று அது பார்ப்பதில்லை. தாதிகள் அதை எடைக்கு அடுத்த கட்டத்தில் குறித்துக்கொள்கிறார்கள். பக்கத்து அறையில் தூங்குகிறவர்கள் புரண்டு படுக்கிறார்கள். சலவை அறைக் கதவில் ஃபின்லாந்துக்காரர் புதுச் சீட்டு ஒட்டியிருக்கிறார்: ஒலிப்பதிவு நடக்கும்போதும் வடிகட்டியைச் சுத்தம் செய்யவும்.

நாளை: சலவை அறை காலை பத்து மணியிலிருந்து ஹரேகுவின் பெயரில். முதலில் வெள்ளைத் துணி, பிறகு அங்கேயே, நிறுவனம் இல்லாமல், எதையும் வெட்டாமல், இரண்டாவது தொகுப்பின் முதல் பாட்டு ஒலிப்பதிவு. லிஃப்ட் ஓடவில்லை, பெரியம்மாவை எட்டாம் மாடியிலிருந்து கைபிடித்து இறக்கிக் கூட்டி வர வேண்டும்.