வெற்றிலை சாப்பிடுவீர்களா?

பேராசிரியர் நஸீபுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. ஒளிவு மறைவில்லாத பகை என்பதால் இருவருக்கும் அது வசதியாகவே இருந்தது. பல் மருத்துவ பீடத்தில் அவர் எங்கள் பிரிவின் தலைவர். நான் இன்னும் நிரந்தரமாகாத விரிவுரையாளர். கலாநிதிப் பட்டம் கிடைத்தால்தான் நிரந்தரம், அதற்கான என் ஆய்வேடோ அவர் திரட்டிய தரவுகளின் மேல் நின்றது. அதாவது, என் குடுமி அவர் கையில்.

அவரை வெளிநாட்டு மேடைகளில் ஏற்றியது ஒரே ஒரு கட்டுரை. வாய்க்குள் தோன்றும் வெண்படலம் புற்றுநோய்க்கு முந்திய படி. வெற்றிலையும் புகையிலையும்தான் காரணம் என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்தது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வெண்படலம் உள்ளவர்களில் பெரும்பாலானோர் வெற்றிலைப் பக்கமே போகாதவர்கள் என்றார் நஸீப். சத்துக்குறைவுதான் காரணமாம். உலகம் வாயைப் பிளந்தது. தோட்டங்களில் வெற்றிலைக்கு எதிரான பேச்சு நின்று, சத்து மாத்திரை வந்தது. நானும் அந்தச் சத்துக்குறைவைப் பற்றித்தான் மண்டையை உடைத்து எழுதி முடித்திருந்தேன். சமர்ப்பிக்க வேண்டியதுதான் பாக்கி.

கடைசியாக ஒரு வாய்ப் பரிசோதனை முகாமுக்கு மாணவர்களை வத்தேகமவுக்கு மேலே ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். நான் பிறந்த தோட்டத்துக்கு அடுத்தது அது. கேள்வி கேட்பவர் வாயைப் பார்க்கக் கூடாது, வாயைப் பார்ப்பவர் பதிலைக் கேட்கக் கூடாது என்பது நஸீப் வகுத்த முறை. அதற்காக இரண்டு மேசைகளையும் எட்ட எட்டப் போடுவோம். அன்று மழை கொட்டியது. வேறு வழியின்றி இரண்டையும் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மடுவத்துக் கொட்டகைக்குள் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். எப்போதும் வாயைப் பார்க்கும் மேசையிலேயே இருந்த எனக்கு, கேள்வி காதில் விழுந்தது அன்றுதான் முதல் தடவை.

மாணவி சப்னா கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். கதிரையில் சுப்பம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண்.

"வெத்தில சாப்பிடுவீங்களா?"

"ஐயையோ, இல்லீங்க!"

சப்னா 'இல்லை'யில் கோடு போட்டாள். சுப்பம்மா எழுந்து, மடுவத்து ஓரமாகப் போய், மழைத் தண்ணீர் ஓடிய கானுக்குள் சிவப்பாகத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்து, என் முன்னால் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார். இடது கன்னத்தின் உட்புறம் முழுக்க வெள்ளை. நடுவில் விரலுக்குத் தட்டுப்படும் கட்டி. நான் கையுறையைக் கழற்றினேன்.

"அக்கா, நீங்க வெத்தல போடுறீங்கதானே? அந்தப் புள்ளகிட்ட ஏன் இல்லன்னு சொன்னீங்க?"

"போடுறேன் மிஸ். யாரு இல்லன்னா? அந்தப் புள்ள சாப்பிடுவீங்களான்னுல்ல கேட்டுச்சு. வெத்தலைய யாராச்சும் திம்பாங்களா? மென்னு துப்புறதுதானே."

சிங்களத்தில் வெற்றிலை 'சாப்பிடுவார்கள்'. கெலிஓயாவில் நஸீபின் வீட்டுத் தமிழிலும் அப்படித்தான் சொல்வார்கள். தோட்டத்தில் வெற்றிலை 'போடுவார்கள்'. ஆயிரக்கணக்கான பேர் அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய பல்லில் இருந்த கறையை எங்கள் ஆட்கள் தேயிலைக் கறை என்று எழுதிக்கொண்டார்கள். தோட்டத்து ஆள் வேறு என்ன குடிக்கப்போகிறான்!

"இதுக்கு ஏதும் மருந்து எடுக்கிறீங்களா அக்கா?"

"நீங்க குடுத்த சத்து மாத்திரைதான் மிஸ். ஒருநாளும் தவறுனதில்ல."

சுப்பம்மாவை அன்றே கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மறுநாள் காலை நஸீபின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தேன். விஷயத்தைக் கேட்டு முடிக்கும் வரை அவர் பேனாவைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"ஒரு பொம்புள சொன்னதுக்கு என்ட முழு ஆராய்ச்சியும் பிழையா?"

"ஒரு பொம்பளை இல்ல சேர். சாயங்காலம் வரைக்கும் நானே எல்லார்கிட்டயும் திரும்பக் கேட்டேன். 'இல்ல'ன்னு சொன்னவங்கள்ல முக்காவாசிப் பேர் போடுறாங்க."

"சரி, எழுதுங்க. ஆனா ஒங்கட தீசிசும் அதுக்கு மேலதான் ஈக்குது, மறந்துடாதீங்க. அது விழுந்தா கன்ஃபர்மேஷனும் இல்ல. பொறகு எஸ்டேட்டுக்குத்தான் போகணும்."

"அங்கிருந்துதான் வந்தேன். வழி தெரியும்."

"எல்லாத்துக்கும் வாய் ஈக்குது ஒங்களுக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். அவருக்குக் குரல் தாழ்ந்தால் பேரம் தொடங்குகிறது என்று பொருள். "முதல்ல டிகிரிய எடுங்க. நிரந்தரமாகிட்டு மெதுவா ஆறுதலா ஒரு திருத்தம் போடுவம். ரெண்டு பேரும் சேர்ந்து."

எனக்கு ஆசையே வரவில்லை என்று சொன்னால் பொய். வீட்டுக்குப் போய் பத்து நாள் அந்த ஆசையோடு மல்லுக்கட்டினேன். ஆஸ்பத்திரியிலிருந்து சுப்பம்மாவின் சதைப் பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய். கன்னத்தை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு ஆசை என்னிடம் பேசவில்லை.

சமர்ப்பிப்பதற்கு முன் பீடத்தின் முன்னால் ஆய்வை விளக்குவது வழக்கம். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதை நஸீப் மோப்பம் பிடித்துவிட்டார். தலைமையுரை என்று எழுந்து, அழகான ஆங்கிலத்தில் என்னை முந்திக்கொண்டார். கணக்கெடுப்பில் ஒரு சிறிய மொழிபெயர்ப்புப் பிழை தெரியவந்திருக்கிறது, வருந்துகிறோம், அந்த வேலையைத் தமிழ் விரிவுரையாளர்களை நம்பிக் கொடுத்திருந்தோம் என்றார். பிரிவில் தோட்டத் தமிழ் பேசுபவள் நான் ஒருத்திதான். மண்டபத்தில் இருந்த அத்தனை கண்களும் என்மேல் திரும்பின.

அந்தக் கணக்கெடுப்பு நடந்தபோது நான் மாணவி. அதைச் சொல்லியிருந்தால் பழைய ஆவணக் கோவைகளைப் பார்ப்போம், விசாரிப்போம் என்று இழுத்தடித்திருப்பார். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு தமிழில் கேட்டேன்.

"சேர், அந்தக் கேள்வியத் தமிழ்ல எப்படிக் கேக்கணும்? நீங்களே ஒருக்கா சொல்லுங்க."

"இதென்ன கேள்வி? வெத்தில சாப்பிடுறீங்களா எண்டுதான்!"

பின்வரிசையில் தோட்டத்துப் பிள்ளைகள் நான்கைந்து பேர் இருந்தார்கள். முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு அந்த வரிசையே சிரித்தது. கணக்கெடுப்பில் இருந்த அதே கேள்வி, நஸீபின் தமிழ்தான் அது என்று பீடாதிபதிக்குப் பக்கத்தில் இருந்தவர் சிங்களத்தில் விளக்குவதையும், பீடாதிபதி கண்ணாடியைக் கழற்றுவதையும் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் எப்போதாவது பட்டிருக்கிறேனா தெரியாது. அதே மூச்சில் என் ஆய்வேட்டைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த மாதிரி மனிதர்களுக்கு எப்போது என்ன ஆகியிருக்கிறது? கட்டுரையை அவரே மீளப்பெற்றார். அந்த நேர்மையைப் பாராட்டிப் புதிய ஆய்வுக்கு நிதி வந்தது. அதே தோட்டங்கள், திருத்திய கேள்வி. என்னை நிரந்தரமாக்கப் பரிந்துரைக்க மாட்டேன் என்று பிரிவுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். என் ஒப்பந்தத் தவணை முடியும் வரை புதிய ஆய்வில் எனக்கு ஒரு வேலை தந்தார். மொழிபெயர்ப்பாளர்.

சுப்பம்மாவுக்குச் சத்திரசிகிச்சைக்கு முறை வர மாதங்கள் ஆயின. அது முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு நஸீப் மாணவர் கூட்டத்தோடு வார்டுக்கு வந்தார். நான் சுப்பம்மாவின் கட்டிலருகே நின்றேன். இடது கன்னம் இருந்த இடத்தில் பெரிய கட்டு. நஸீப் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, மாணவர்களுக்குக் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா, நீங்க வெத்தல போடுறீங்களா?"

சரியான கேள்வி. ஒரு குறையும் இல்லை.

சுப்பம்மா அவரையே பார்த்தார். கையைத் தூக்கிக் கட்டைத் தொட்டார். வார்த்தைகள் குழறிக்கொண்டு வந்தன.

"இனி எங்கிட்டுங்க போடுறது?"

நஸீபுக்கு விளங்கவில்லை. நிமிர்ந்து முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்றா?"

மாணவர்களும் என்னைப் பார்த்தார்கள். நான் சுப்பம்மாவின் தலையணையைச் சரிசெய்தேன்.

"தர்ஷிகா, என்ன சொல்றா எண்டு கேட்டன்."

"தமிழ்தான் சேர்," என்றேன். "திரும்பக் கேளுங்க."