மென்பந்துதானே, பிள்ளை

நான் என்ன விளையாடுகிறேன் என்று என் அப்பாவுக்குத் தெரியாது. இதைச் சொன்னால் நோர்வேயில் நாங்கள் இருக்கிற ஸ்டோவ்னரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஏனென்றால் என் விளையாட்டைப் பற்றி அவரைப்போல் கதைத்துத் திரிந்தவர் அங்கே வேறு யாரும் இல்லை. தமிழ்க் கடையில் முருங்கைக்காயை முறித்துப் பார்க்கும்போதும் சொல்லுவார். கோயிலில் அன்னதான வரிசையில் நின்றும் சொல்லுவார்.

“என்ர மகள் கல்லூரி ரீமிலை மென்பந்து விளையாடுறாள். முழு ரீமும் யதுர்ஷாவை நம்பித்தான் நிக்குது.”

இரண்டாவது வசனம் உண்மை. பிழை முதலாவதில் இருந்தது. நான் விளையாடியது சொப்ற்போல். பேஸ்போல் மாதிரி நான்கு மூலை ஓடி வருகிற விளையாட்டு. அந்தப் பந்து பெரிது, மஞ்சள், பெயரில் மட்டும்தான் மென்மை. முழங்காலில் பட்டால் ஒரு கிழமைக்கு நொண்டலாம். ஆனால் யாழ்ப்பாணத்து மனுசரிடம் மென்பந்து என்று சொல்லிப் பாருங்கள். ரெனிஸ் பந்தில் விளையாடுகிற கிரிக்கெட் தவிர வேறொன்றும் அவர்கள் தலையில் வராது. முதல் வருடம் அப்பா கேட்டார், நான் சொப்ற்போல் என்றேன், அவர் அதைத் தன் மனதுக்குள்ளேயே தமிழாக்கிப் பூட்டி வைத்துவிட்டார்.

நான் சொல்லாமல் விடவில்லை. “அப்பா, இது கிரிக்கெட் இல்லை” என்று பல தரம் சொன்னேன்.

“ஓம், ஓம். லெதர்போல் இல்லை எண்டு எனக்குத் தெரியாதே?” என்பார்.

வந்து பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். அவர் பஸ் ஓட்டுகிறவர், சனி ஞாயிறில்தான் வேலை கூட. லீவு கிடைத்த நாட்களில் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் கிரிக்கெட்டைப் பார்க்கப் போய்விடுவார். மகள் விளையாடுகிறாள் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு மைதானம் தேவைப்படவில்லை, நாலு பேர் கேட்டால் போதும்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு அது. எங்கள் கல்லூரி அணி அதுவரை மாணவர் தொடரில் கடைசி இடத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. ஆட்கள் சேராததால் பல்லுக்குக் கம்பி போட்ட ஒருத்தி, கண்ணாடி இல்லாமல் பந்தே தெரியாத ஒருத்தி என்று கிடைத்தவர்களை எல்லாம் சேர்த்த அணி. எறிகிறவள் நான். நான் எறிவதைப் பிடிக்கிறவள் றொஷானி. மன்னார்க் குடும்பம், எங்களுக்குப் பக்கத்து வெஸ்ட்லியில் வீடு, தாதிப் படிப்பில் கடைசி வருடம். அடுத்த வருடம் பேர்கனில் வேலைக்குப் போகிறாள், ஆகவே அதுதான் அவளுக்குக் கடைசித் தொடர்.

சொப்ற்போலில் தலைக்கு மேலால் எறியக் கூடாது. கை ஒரு முழு வட்டம் சுற்றி, இடுப்பைத் தாண்டுகிற இடத்தில் பந்தை விட வேண்டும். அந்த வட்டத்துக்காக நான் இரண்டு பனிக்காலம் கல்லூரி உடற்பயிற்சி மண்டபத்துச் சுவருக்கு எறிந்திருக்கிறேன். மே மாதம் மைதானத்து ஓரங்களில் பனி அழுக்காய்க் கிடக்கத் தொடர் ஆரம்பித்தது. முதல் ஆட்டத்தில் வென்றோம். அதிர்ஷ்டம் என்றார்கள். அடுத்ததிலும் வென்றோம். கோடை விடுமுறைக்குப் பிறகும் வென்றோம். கல்லூரி வரலாற்றில் முதல் தடவையாக, துரொண்ட்ஹெய்மில் நடக்கும் இறுதிச் சுற்றுக்குத் தெரிவானோம். அன்றைக்கு றொஷானி முகக்கவசத்தைக் கழற்றாமலே என்னைக் கட்டிப்பிடித்தாள். என் கன்னத்தில் கம்பி பதிந்தது. அவ்வளவு சந்தோசமாக நான் நோர்வேயில் இருந்ததில்லை.

எங்களுக்கு எறிய வேறு ஆளில்லை. தொடர் முழுக்க நானே எறிந்ததில் தோள் வீங்கிப்போயிருந்தது. பயிற்சியாளர் ஹில்டே அதை அமத்திப் பார்த்துவிட்டுத் தீர்ப்பாகச் சொன்னாள்: துரொண்ட்ஹெய்ம் வரைக்கும் ஓய்வு. கீழால் நாலைந்து பந்து மெதுவாக எறியலாம். தலைக்கு மேலால் ஒரு சோற்றுப் பானையைக்கூடத் தூக்கக் கூடாது. பானை நான் சேர்த்தது, மற்றது அவள் சொன்னது.

அந்தக் கிழமைதான் அப்பா வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தார்.

“பிள்ளை, வாற சனிக்கிழமை கழகத்தின்ர கிண்ணப் போட்டி. இந்த முறை பொம்பிளையளுக்கும் ஒரு மச் வைக்கினம். தலைவர் குகதாசன் நேரை வந்து என்னட்டைக் கேட்டவர். என்ர மகள் பந்து போடுவாள் எண்டு சொல்லிப்போட்டன்.”

“அப்பா, எனக்கு அடுத்த கிழமை துரொண்ட்ஹெய்ம்.”

“அது அடுத்த கிழமைதானே! இது ஒரு ஓவர். ஆறு பந்து. நான் வாக்குக் குடுத்திட்டன்.”

நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். இருபத்தொரு வயது எனக்கு. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வேறொரு ஆசை வந்துவிட்டது. ஒரே ஒரு தரம் இந்த மனுசன் நான் எறிவதைக் கண்ணால் பார்க்கட்டும். என் முறையிலேயே கீழால் ஆறு பந்து எறிந்தால் தோளுக்கும் ஒன்றும் ஆகாது, அவருக்கும் விளங்கிவிடும்.

றொஷானியிடம் சொன்னதும் பாய்ந்தாள். “எடியே, உனக்கு விசரே? ஹில்டே சொன்னது காதிலை விழேல்லையே?”

“அப்பாவுக்காக ஒருக்கா.”

“உங்கட அப்பா எங்களுக்காக ஒரு நாள் வந்து நிண்டவரே?”

ஆனாலும் போனேன்.

மைதானத்தில் றோல்ஸும் தேத்தண்ணியும், ஒலிபெருக்கியில் யாரோ காரை எடுக்கச் சொல்லிக் கத்தல், பெரிய சனம். பஞ்சாபிச் சட்டைக்கு மேலே ரீசேட் போட்டுக்கொண்டு அக்காமார் இறங்கினார்கள். கழகத் தலைவர் குகதாசன்தான் நடுவர். வெள்ளைத் தொப்பி ஒன்று கிடைத்திருந்தது, நடுவராவதற்கு அது போதும். ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள். ஆனந்தராஜாவின் மகள் யதுர்ஷா, கல்லூரி மென்பந்து வீராங்கனை. அப்பா கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று, தனக்குத்தான் கைதட்டுகிறார்கள் என்பதுபோல் தலையாட்டினார்.

எதிரே மட்டையோடு யோகராணி அக்கா. நான் ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்து ஒரு அடி பாய்ந்து, கையை ஒரு வட்டம் சுற்றி விட்டேன். பந்து நிலத்தில் குத்தாமல் நேரே போய் நடு விக்கெற்றைப் பிடுங்கிக்கொண்டு போனது. யோகராணி அக்கா மட்டையைத் தூக்கவே இல்லை. ஒரு கணம் சனம் வாயடைத்து நின்றது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் அங்கே போனேன்.

“நோபோல்!” என்றார் குகதாசன். “தங்கச்சி, கீழாலை, அண்டராம் போடேலாது.”

விதிப்படி அவர் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிகிறது.

இரண்டாவதையும் அப்படியே எறிந்தேன். விக்கெற் மறுபடியும் போனது. மறுபடியும் நோபோல். “தங்கச்சி, அண்டராம் பாலர் வகுப்புப் பிள்ளையளுக்கு!” என்று ஒருவர் கத்த, மைதானமே சிரித்தது. அப்பாவைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தல்ல, பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து, இதில் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் ஒரு சிரிப்பு. பிறகு கயிற்றைத் தாண்டி விறுவிறென்று உள்ளே வந்தார்.

“என்ன பிள்ளை பகிடி விடுறாய்? இவ்வளவு சனம் பாக்குது. ஒழுங்காய்ப் போடு.”

“நான் இப்பிடித்தான் எறியிறனான் அப்பா. இதுதான் என்ர விளையாட்டு.”

“அது வெள்ளைப் பெட்டையளோடை அங்கை. இஞ்சை மேலாலை போடு. என்ர மானத்தை வாங்காதை.”

“மேலாலை போட்டால் தோள் போயிடும்.”

“மென்பந்துதானே, பிள்ளை! தோளுக்கு என்ன வரப்போகுது?”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அழுகை வந்தால் இன்னும் சிரிப்பார்கள் என்று அதையும் கோபமாக்கிக்கொண்டேன். தூர நடந்துபோய்த் திரும்பி ஓடிவந்து, என்னிடமிருந்த முழுப் பலத்தையும் போட்டுத் தலைக்கு மேலால் வீசினேன். யோகராணி அக்கா அவுட். சனம் எழும்பியது. அடுத்ததையும் வீசினேன். தோளுக்குள் பழைய சீலை கிழிகிற மாதிரி ஒன்று நடந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அப்பா இரண்டு கையையும் தூக்கித் துள்ளிக்கொண்டிருந்தார், என் ஐந்து வயதுக்குப் பிறகு அவர் எனக்காக அப்படித் துள்ளி நான் பார்த்ததில்லை. மிச்சப் பந்துகளையும் போட்டேன். எனக்கு மேடையில் ஒரு கிண்ணம் தந்தார்கள். இடது கையால் வாங்கினேன். வலது கை எழும்பவில்லை.

லேகவாக்த் என்கிற அவசர மருத்துவ நிலையத்தில் இருந்த டொக்டர் தோளை எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, தசைநார் கிழிந்திருக்கிறது, இந்த வருடம் இனி எறியவே கூடாது என்றார். அப்பா பக்கத்தில் இருந்தார். கிண்ணம் அவர் மடியில் இருந்தது. “ரெண்டு கிழமையிலை மாறியிடும்” என்று எனக்குத் தமிழில் மொழிபெயர்த்தார். எனக்கு நோர்வேஜியன் விளங்காது என்று நினைத்தாரோ என்னவோ.

துரொண்ட்ஹெய்முக்கு நானும் போனேன், கையைத் துணியில் தூக்கிக் கட்டிக்கொண்டு. ஹில்டே ஒன்றும் ஏசவில்லை. எப்படி நடந்தது என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். அவள் இரண்டு தரம் கேட்டும் விளங்காமல் விட்டுவிட்டாள். றொஷானிக்கு விளங்கியது. அதனால்தான் அவள் என்னோடு கதைக்கவில்லை.

எனக்குப் பதிலாக எறிந்தவள் அவள்தான். வேறு யார் இருக்கிறார்கள்? அவள் எறியப் போனதும் பிடிக்க ஆளில்லை. பந்து பின்னால் வேலிக்குப் போய்க்கொண்டே இருந்தது, கம்பிப் பல்லுக்காரி அதன் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தாள். நாங்கள் தொடரில் சுலபமாக வென்ற அணிகளே எங்களைத் துவைத்துக் காயப்போட்டன. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. மற்றவர்கள் அழுதார்கள். றொஷானி அழவில்லை, விரலில் கிழிந்திருந்த தோலுக்குப் பிளாஸ்ரர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது அப்பா ரெலிபோன் எடுத்தார். பின்னால் கழகத்து ஆட்களின் சத்தம் கேட்டது.

“பிள்ளை, சந்தோசமான விசயம். அடுத்த வருசம் பொம்பிளையளின்ர ரீமுக்கு நீதான் கப்ரன். குகதாசன் இப்பத்தான் சொன்னவர்.”

“அப்பா, நாங்கள் தோத்திட்டம்.”

“ஆரோடை?”

“எல்லாரோடையும்.”

“நீ இல்லாமல் விளையாடினால் தோக்கத்தானே செய்வினம்” என்றார் பெருமையாக. ஆறுதல் சொல்கிறாராம். “பரவாயில்லை விடு. அடுத்த வருசம் காட்டுவம்.”

“உங்கட கிரவுண்டிலை நோபோல் எண்டு சிரிச்ச பந்துதான் அப்பா என்ர பந்து. அதாலைதான் நாங்கள் இஞ்சை வரைக்கும் வந்தனாங்கள்.”

அவர் தள்ளிப்போகிறார் போல, பின்னால் கேட்ட சத்தம் குறைந்தது. அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். முதல் தடவையாக.

“எனக்கு ஆர் பிள்ளை சொன்னது?” என்றார், குரல் இறங்கி. பிறகு யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். “பிறகு கதைக்கிறன்” என்று வைத்துவிட்டார்.

நான் பஸ்ஸுக்கு வர எல்லாரும் ஏறிவிட்டார்கள். தொடர் முழுக்க ஒவ்வொரு பயணத்திலும் நானும் றொஷானியும் ஒன்றாகத்தான் இருந்து போவோம். அவள் யன்னல் பக்கம், நான் நடைபாதைப் பக்கம். அன்றைக்கும் அவள் யன்னல் பக்கத்தில்தான் இருந்தாள். என் இடத்தில் தன் பையை வைத்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் பையையும் எடுக்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பஸ் வெளிக்கிட்டுவிட்டது. ஒற்றைக் கையால் இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து, ஆளில்லாத கடைசி வரிசைக்குப் போய் இருந்தேன்.