ஐந்தருவிக்குப் போன விலாசம்

எங்கள் எதிர்வீட்டு உமாராணி வேலை பார்க்கிறாளா, வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்கிறாளா என்பதைத் தெருவில் யாரும் இன்னும் தீர்மானமாகச் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக நான் பார்த்தவரையில் அவள் மடிக்கணினியில் படம் கிடையாது, கலர் கிடையாது. கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து வரிவரியாக ஏறிக்கொண்டே இருக்கும். சினிமா முடிந்ததும் பேர் போடுவார்களே, அந்த மாதிரி. நாமெல்லாம் செருப்பைத் தேடுகிற நேரத்தில் அவள் உட்கார்ந்து பார்க்க ஆரம்பிக்கிறாள். அதற்கு ஒரு பெங்களூர்க் கம்பெனி சம்பளமும் தருகிறது.

"என்னட்டி இது, ஒரு பொம்மைகூட இல்ல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இது லினக்ஸ் அத்தை. எங்கேயோ இருக்கிற சர்வரை இங்கன இருந்து பாத்துக்கிடுதேன். அது எழுத்துலதான் பேசும்."

பேசட்டும். ஆனால் இந்த ஆடியில் அந்தப் பேச்சில்தான் அவள் தலையெழுத்தே மாட்டிக்கொண்டது. எல்லோரும் ஆபீசுக்கு வந்து சேருங்கள் என்று கம்பெனி உத்தரவு போட்டுவிட்டது. உமாராணி ஏற்கெனவே பெங்களூரில் ஹாஸ்டல் அறையில் மூன்று பேரோடு ஒண்டிக் கிடந்து, வெல்லம் போட்ட சாம்பாரைத் தின்று, இளைத்துத் திரும்பி வந்தவள். மறுபடியும் அங்கே போவதற்குக் கிணற்றில் குதிக்கலாம் என்று அவள் அம்மா ஆவுடைத்தாயிடம் சொன்னதை நான் கேட்டேன். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது. மேலதிகாரி ஜெபஸ்டின் சார் கொஞ்சம் இரக்கமுள்ள ஆள் போலிருக்கிறது. ஒரு துணிக்கடையின் ஆடித் தள்ளுபடி இணையதளத்தைப் புது சர்வருக்கு மாற்றி, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் திறந்து விட வேண்டும். தென்காசியில் இருந்தபடியே அதைத் தடங்கல் இல்லாமல் முடித்தால் அங்கேயே இருந்துகொள்ளலாம். நெட் போச்சு, கரண்ட் போச்சு என்றால் அடுத்த மாதம் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாரல் பெய்துகொண்டிருந்தது. சாரல் காலத்தில் இடி இடிக்காது. இடியெல்லாம் ஐப்பசிக்கு உள்ளது. அன்றைக்கு என்ன கோளாறோ, மலைப்பக்கம் ஒரே ஒரு இடி இடித்தது.

உமாராணியின் அப்பா சுடலையாண்டி அண்ணாச்சி போலீசில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பாட்டுத் தட்டில் இருந்து அப்படியே எழுந்தார். வலது கையில் குழம்பு ஒழுக, இடது கையால் டிவி, ஃபிரிட்ஜ், மிக்சி, நெட் பெட்டி என்று வரிசையாகப் ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்து மோருக்குச் சோறு கேட்டார். இதில் அவரை மட்டும் சொல்லக்கூடாது. இடி இடித்தால் தென்காசி முழுக்கப் ப்ளக்கைப் பிடுங்குகிற வழக்கம்தான். நானும் பிடுங்கினேன்.

வானம் அமைதியானதும் ஊரே திரும்பச் சொருகியது. எதிர்வீட்டில் இருந்து அலறல் கேட்டது. காபித்தூள் கேட்கிற சாக்கில் ஓடினேன். கையில் டம்ளர் எடுக்க மறந்துவிட்டது.

"யப்பா! நெட் பெட்டியைப் பிடுங்குனீயளா?"

"இடி இடிச்சுதுல்லா?"

"ஒரு இடிப்பா!"

"டிவி போறதுக்கு ஒரு இடி போதும்ட்டி. இப்பதான் திரும்ப மாட்டிட்டேன்லா, பச்ச லைட்டு எரியுது பாரு."

"லைட்டு எரியுது. எம் பொழப்புதான் அணஞ்சு போச்சு" என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். நெட் பெட்டி ஒவ்வொரு முறை உயிர் பெறும்போதும் கேபிள்காரர்களிடம் இருந்து ஒரு விலாசம் வாங்கிக்கொள்ளுமாம். ரேஷன் கடை டோக்கன் மாதிரி. அணைத்தால் டோக்கன் கையை விட்டுப் போகும். திரும்பப் போய் நின்றால் வேறு டோக்கன். உலகம் முழுக்க உள்ள திருட்டுப் பயல்கள் சர்வர் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று காலையில்தான் இவள் அதற்கு ஓர் உத்தரவு போட்டிருக்கிறாள்: எங்கள் வீட்டு விலாசத்தில் இருந்து வந்தால் மட்டும் உள்ளே விடு, ஆபீசில் இருந்து வந்தால் விடு, வேறு எவன் வந்தாலும் பதிலே சொல்லாதே. இப்போது வீட்டு விலாசம் மாறிவிட்டது. சர்வருக்கு இவளும் ஒரு திருட்டுப் பயல்.

"நீ வச்ச காவக்காரன் ஒன்னையே விடமாட்டேங்கானா?"

"ஆமா அத்தை."

"நல்ல வேலைக்காரன்தான்" என்றேன். அவள் முறைத்தாள்.

ஜெபஸ்டின் சாருக்கு ஒரு போன் போட்டால் ஆபீசில் இருந்து அவர் திறந்துவிடுவார். ஆனால் போட்ட மறு நிமிஷம் பெங்களூருக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். ஆவுடைத்தாய் சாமி படத்தைப் பார்த்தாள். அண்ணாச்சி யாரையும் பார்க்காமல் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் தட்டு கழுவி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எங்கள் பகுதிக்கு நெட் கொடுக்கிற மசூதுக்குப் போன் போட்டாள். பாட்டு பாடியது, எடுக்கவில்லை. சீசனில் அவன் எடுக்க மாட்டான். மாறாத விலாசம் ஒன்று கொடு என்று இவள் சித்திரையில் இருந்து கேட்கிறாள், அவனும் 'சீசன் முடியட்டும் மேடம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். போனில்தானே பிடிக்க முடியாது? மழைச் சாயங்காலத்தில் அவன் எந்த வடைக் கடையில் நிற்பான் என்பது எனக்குத் தெரியும். அவள் ஸ்கூட்டரை எடுத்தாள், நான் மடிக்கணினிப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். வா என்று யாரும் கூப்பிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மசூது எண்ணெய்க் கையோடு நின்றான்.

"மத்தியானம் எல்லாரும் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுனாங்க மேடம். டோக்கன் பூராக் கலைஞ்சு போச்சு."

"என் பழைய விலாசம் இப்போ யாருகிட்ட இருக்கு? அதை மட்டும் பாருங்க."

அவன் போனை நோண்டினான். "ஐந்தருவி ரோட்டுல ஒரு லாட்ஜு. ரெங்கம்மாள் லாட்ஜு."

"எனக்கு மாத்திக் குடுங்க."

"அது மேல உள்ளவங்க பண்ணணும். கம்ப்ளைண்ட் போடுதேன். நாப்பத்தெட்டு மணி நேரத்துல ஆளு வரும்."

உமாராணி வடைச் சட்டியையே பார்த்தாள். பிறகு முகம் மாறியது. "அத்தை, அந்த லாட்ஜு வைஃபையில போய் உக்காந்தா சர்வருக்கு அதுதான் எங்க வீடு!"

"ஆனா ஒண்ணு மேடம்" என்றான் மசூது. "நீங்க போய்ச் சேருற வரைக்கும் அவுங்க பெட்டியை அணைக்கக் கூடாது. அணைச்சா அந்த டோக்கனும் போச்சு. தங்க வந்தவுங்க நெட்டு ஸ்லோன்னு சொன்னாலே அந்தம்மா பெட்டியத்தான் ஆஃப் பண்ணும். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

ரெங்கம்மாள் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஸ்கூட்டர் கிளம்பும்போதே போன் போட்டேன்.

"ஏட்டி, இப்பப் பேச முடியாது. மதுரக்காரங்க நெட்டு வரலன்னு கத்துதாங்க. பெட்டிய ஆஃப் பண்ணிட்டு வருதேன்."

சர்வர், விலாசம், டோக்கன் என்று விளக்க ஆரம்பித்தால் முடிப்பதற்குள் அவள் அணைத்துவிடுவாள். ரெங்கம்மாளை நிறுத்த எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

"அது கெடக்கட்டும். முத்துசெல்வி மக கல்யாணம் நின்னு போச்சு, தெரியுமா?"

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் நின்றது. "எந்த முத்துசெல்வி? கடையத்துக்காரியா?"

"அவளேதான்."

"ஆவணியில வச்சிருந்தாங்களே! மண்டபமெல்லாம் பிடிச்சு!"

"மண்டபமும் பிடிச்சு, பத்திரிகையும் அடிச்சு..."

"வெரசாச் சொல்லுட்டி!"

நான் வெரசாகச் சொல்லவில்லை. மண்டபம் எது, சமையலுக்கு யாரைப் பேசியிருந்தார்கள், பெண்ணுக்கு எடுத்த பட்டு என்ன கலர் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். குற்றாலம் நெருங்க நெருங்க ரோட்டில் வேன் மேல் வேன். எண்ணெய் தேய்த்த தலைகள், ஈரத் துண்டுகள், ரம்புட்டான் கடைகள், நடு ரோட்டில் நின்று செல்ஃபி எடுக்கிற ஒரு குடும்பம். உமாராணி ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை.

"ஹாரன் சத்தத்துல ஒண்ணும் கேக்கலட்டி. ஏன் நின்னுது? அதச் சொல்லு!"

"அது ஏன்னா, மாப்பிள்ளை இருக்காம்லா, அவன்..."

போன் செத்துவிட்டது. சீசன் கூட்டம் மொத்தமும் ஒரே டவரைப் பிடித்துத் தொங்கினால் அது என்ன செய்யும்? திரும்பத் திரும்பப் போட்டேன். போகவில்லை. "போச்சு அத்தை, அணைச்சிருப்பாங்க" என்று உமாராணி அழுகிற குரலில் சொன்னாள்.

லாட்ஜ் வாசலில் ரெங்கம்மாள் சாரலில் நனைந்தபடி, சிக்னலுக்காகப் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதை பாதியில் நின்றால் அவளால் வேறு எந்த வேலையும் செய்ய முடியாது; பேச்சு அறுந்தது அன்றைக்கு நான் பேசியதைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது.

"வந்துட்டியா! அவன் என்ன செஞ்சான்?"

"பெட்டிய அணைச்சியா?"

"எந்தப் பெட்டி? மொதல்ல அவன் என்ன செஞ்சான், அதச் சொல்லு!"

உமாராணி உள்ளே ஓடினாள். பொறுமை இழந்த மதுரைக்காரர் ஒருவர், இடுப்பில் துண்டோடு நாற்காலி மேல் ஏறிப் ப்ளக்கில் கை வைத்திருந்தார்.

"தொடாதீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் துண்டைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, அதற்குப் ப்ளக்கை விட வேண்டியிருந்தது.

சுவரில் எழுதி ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் போட்டு, தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். கறுப்புத் திரை. ஏதோ தட்டினாள். ஒன்றும் வரவில்லை. நான் மூச்சு விடவில்லை, ரெங்கம்மாளும் விடவில்லை. அவளுக்கு எதற்கென்றே தெரியாது. பிறகு ஒரு வெள்ளை வரி வந்தது. அதன் கீழே இன்னொன்று. உமாராணி ஓர் ஆட்டம் ஆடினாள் பாருங்கள், உட்கார்ந்த நிலையிலேயே.

"விட்டுட்டான் அத்தை! உள்ள விட்டுட்டான்!"

ஆனால் எழுத்து ஆமை வேகத்தில் ஊர்ந்தது. அறைக்கு அறை போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு மணி ஆகப் போகிறது. "கொஞ்ச நேரம் யாரும் நெட்டைத் தொடலன்னா முடிச்சிருவேன்" என்றாள்.

ரெங்கம்மாள் வராந்தாவில் போய் நின்றாள். "குளிக்க வந்தீயளா, போன் பாக்க வந்தீயளா? ஐந்தருவியில கூட்டமே இல்லையாம், தண்ணி பாலாக் கொட்டுதாம்! எல்லாரும் கெளம்புங்க! போனு நனைஞ்சு போகும், அணைச்சு வச்சுட்டுப் போங்க!" கூட்டம் இல்லை என்பது சுத்தப் பொய். லாட்ஜ் காலியாகிவிட்டது. அதற்கப்புறம் எழுத்து ஓடியது பாருங்கள், எனக்குக் கண் வலித்தது.

அந்த இடைவெளியில் ரெங்கம்மாளுக்குப் பாக்கியைச் சொன்னேன். மாப்பிள்ளை ராணுவத்தில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை, கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"நின்னு போச்சுன்னியேட்டி! இதுக்கா என்னைய மழையில நிக்க வச்ச, கோட்டிக்காரி?"

ஆறு மணிக்குத் துணிக்கடை திறந்தது. முதல் சேலையை வாங்கியது ரெங்கம்மாள்தான். நாங்கள் பார்க்கத்தானே செய்தோம், மயில்கழுத்துக் கலர். கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. திரையில் பத்துப் பன்னிரண்டு தலைகள். நடுவில் ஜெபஸ்டின் சார்.

"சூப்பர் உமாராணி. ஒரு தடங்கலும் இல்ல. ஆமா, பின்னாடி என்ன அது சத்தம்? வீட்ல மோட்டார் ஓடுதா?"

'மோட்டார்னு சொல்லு' என்று நான் வாயசைத்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். "இல்ல சார். ஐந்தருவி" என்றாள். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இடி, அப்பா, ப்ளக், டோக்கன், மதுரைக்காரரின் துண்டு வரை. பிழைக்கத் தெரியாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். திரையில் எல்லாத் தலையும் அசையாமல் இருந்தது. நெட் போய்விட்டதா என்றுகூடச் சந்தேகப்பட்டேன்.

முதலில் யாரோ ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லோரும்.

"நீ எனக்குப் போன் பண்ணியிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?" என்றார் ஜெபஸ்டின் சார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வாசல்ல ரோட்டைத் தோண்டி கேபிளை வெட்டிட்டாங்க. மத்தியானத்துல இருந்து ஆபீஸ்லயே நெட் இல்ல. நாங்க எல்லாரும் இப்போ போன் நெட்லதான் பேசிட்டு இருக்கோம். என்னாலயும் உள்ள போயிருக்க முடியாது. நீ அங்கேயே இரும்மா. இங்க வந்து எங்களோட சேந்து நீயும் சும்மா உக்காந்து என்ன பண்ணப் போற? அந்த மாறாத விலாசத்துக்கு கம்பெனி லெட்டர் அனுப்புறேன், முதல்ல அதை வாங்கு. சர்வருக்கு இன்னொரு கதவும் வை."

உமாராணி தலையை மட்டும் பலமாக ஆட்டினாள். என்ன படித்து என்ன, சந்தோஷம் வந்தால் எல்லாம் ஆவுடைத்தாய் ஜாடைதான்.

கூட்டம் கலைந்தது. ஒவ்வொரு தலையாக மறைந்தது. ஜெபஸ்டின் சார் மட்டும் போகவில்லை. தொண்டையைக் கனைத்தார்.

"அப்புறம், உமாராணி... தண்ணி நல்லா விழுதா?"

குற்றாலத்து ஆட்களுக்கு இந்தக் கேள்வி தெரியும். இதைக் கேட்டவர் வராமல் இருந்ததே கிடையாது. ரெங்கம்மாள் என்னைத் தள்ளிவிட்டு, திரைக்கு முன்னால் குனிந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"எத்தன பேரு வாறீய?" என்றாள்.