ட்ரூஸ் வீட்டு ஜன்னல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கஞ்சாமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆம்ஸ்டர்டாமிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். தெருமுனையில் அந்த வாசனை வந்தாலும் ஒன்றுதான், ரொட்டிக்கடை வாசனை வந்தாலும் ஒன்றுதான். நான் ஓட்டிக்கொண்டிருந்த படகே புகைக்கிறவர்களுக்கான படகுதான். மின்சாரத்தில் ஓடும், சத்தம் வராது. மெத்தை, கம்பளி, எலுமிச்சைச் சாறு, பாகு தடவிய வட்ட வேஃபர் எல்லாம் உண்டு. ஒரு டஜன் பேர் சாய்ந்து படுத்துக்கொண்டு, கால்வாய் கால்வாயாக, பாலத்துக்குப் பாலம் வாயைப் பிளந்துகொண்டு வருவார்கள். மது கிடையாது. கஞ்சாவில் புகையிலை கலந்து பற்றவைக்கவும் கூடாது, ஏனென்றால் புகையிலை உடம்புக்குக் கெடுதல். இதை நான் சொல்லும்போது ஜோக் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். விதி அப்படி, நான் என்ன செய்ய?

பாவம், அவர்களால் ஒரு தொந்தரவும் இல்லை. குடித்துவிட்டு வருகிற கூட்டத்தை ஏற்றிப் பாருங்கள், வாந்தியும் சண்டையுமாகப் படகை நாறடித்துவிடும். இவர்கள் அப்படி இல்லை. ஒருத்தர் குஞ்சுகளோடு போன வாத்தைப் பார்த்து, "எப்படி வளர்க்குது பாருங்க" என்று கரை சேரும்வரை அழுதார். என் கோபமெல்லாம் எங்கள் ஆள் ஒருவன்மேல்தான். படகின் சொந்தக்காரன் பாஸ்டியான். மழையிலும் காலுறை போடாமல் தோல் செருப்பு மாட்டுகிற ரகம்.

நாங்கள் போகிற வழியில், குறுகலான ஒரு கால்வாயில், ட்ரூஸின் படகு வீடு கரையோடு கட்டிக் கிடக்கிறது. ட்ரூஸ் அக்காவும் அவள் கணவன் யோப்பும் கல்யாணமான நாளிலிருந்து அதில்தான் இருக்கிறார்கள். அவள் இந்த ஊரில் டிராம் ஓட்டியவள். நான் படகு ஓட்டக் கற்றுக்கொண்ட காலத்திலேயே எனக்குப் பழக்கம். வாய்த்துடுக்குக்காரி. போன வசந்தத்தில் எலும்பில் புற்று என்று தெரிந்தது. முடி கொட்டுகிற மருந்தை ஏற்றிப் பார்த்துவிட்டு, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வலிக்கு மட்டும் மருந்து என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் யோப்பிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கட்டிலைத் தண்ணீர்ப் பக்கத்துப் பெரிய ஜன்னலோரம் போட வேண்டும், போகிறவரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யோப் போட்டுக் கொடுத்தான். என் படகு கடக்கும்போது அவள் கையைத் தூக்குவாள், நானும் தூக்குவேன். அதற்குமேல் நான் உள்ளே பார்க்கமாட்டேன்.

ஏன் என்றால் எங்கள் ஊர் வழக்கம் அது. நாங்கள் ஜன்னலுக்குத் திரை போட்டு மூடுவதில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு, சாப்பிடுவதும் துணி மடிப்பதும் புருஷன் பெண்டாட்டி முறைத்துக்கொள்வதும் தெருவுக்குத் தெரியத்தான் இருப்போம். ஆனால் தெருவில் போகிறவன் பார்க்கமாட்டான். அவன் கண் ஜன்னலைத் தாண்டிப் போய்விடும். திறந்து வைப்பது வீட்டுக்காரர் பங்கு, பார்க்காமல் போவது வழிப்போக்கன் பங்கு. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பகலில் மூடிக் கிடக்கிற ஜன்னலைப் பற்றித்தான் அக்கம்பக்கம் பேசும்.

வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு நாள் என் படகில் வந்த யாரோ ட்ரூஸைப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். ஜன்னலோரம் படுக்கை, படுத்தபடி தண்ணீர் குடிக்க மூக்கு வைத்த கோப்பை, மருந்தில் பாதி மூடிய கண், எனக்காகத் தூக்கிய கை. கீழே "கஞ்சா ராணி" என்று எழுதி வைத்தார்கள். அது ஊர் ஊராகப் பரவிவிட்டது. பாஸ்டியான் சந்தோஷத்தில் குதித்துக்கொண்டு வந்தான். இனிமேல் அந்த ஜன்னலுக்கு முன்னால் படகு நிற்க வேண்டும் என்றான். ஒலிபெருக்கியில் போடுகிற வர்ணனையையும் தன் குரலிலேயே புதிதாகப் பதிவு செய்துவிட்டான். அந்தப் படகு வீட்டில்தான் இந்த ஊரின் முதல் கஞ்சாச் செடி வளர்ந்ததாம், வளர்த்த ராணி இன்றுவரை போதை தெளியாமல் படுத்திருக்கிறாளாம். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்களே, அந்தக் கதைதான்.

அவள் யார், என்ன நோய், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாழ்நாளில் கஞ்சாவைத் தொட்டதே இல்லை என்றும் சொன்னேன். அவன் தோளைக் குலுக்கினான்.

"அவங்களுக்குப் பிடிக்கலைன்னா திரையப் போட்டுக்கட்டுமே, ரியா. யாரு வேணாங்கிறா?"

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை எரிந்தது. இதை ஒரு வெளியூர்க்காரன் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். இவன் பக்கத்து ஊர் ஹார்லெமில், திரையில்லாத வீட்டில் வளர்ந்தவன். என்ன சொல்கிறோம் என்று தெரிந்தே சொல்கிறான். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

"உங்கம்மா படுக்கையில கெடந்தா, இப்படித்தான் ஆளக் கூட்டிட்டுப் போய்க் காட்டுவியா?" என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

அன்றைக்கே வேலையை விட்டிருக்கலாம். விட்டால் என் படகும் அங்கே நிற்கும். அதனால் விடவில்லை. அந்த இடம் வருவதற்கு முன்னால் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, "அந்தப் பக்கம் பாருங்க, நாமக்கோழி கூடு கட்டியிருக்கு" என்று எதிர்க்கரையைக் காட்டியபடியே கடந்துவிடுவேன். உண்மையிலேயே கட்டியிருந்தது, காகிதக் கோப்பையும் உறிஞ்சுகுழலுமாகப் பொறுக்கி வைத்து. என் ஆட்கள் அந்த நீர்க்கோழிக்கும் கைதட்டினார்கள். ஆனால் பாஸ்டியானிடம் இரண்டாவது படகு ஒன்று இருந்தது. அது நின்றது, ஒவ்வொரு தடவையும்.

யோப் சண்டைக்காரன் இல்லை. அவன் வீட்டில் காப்பியோடு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடிவிடுவான், இரண்டாவது கேட்டால் முகம் சிவந்துவிடும், அவ்வளவு ஒழுங்கு. அந்த மனிதன் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு பாஸ்டியானைப் பார்க்கப் போனான். என் மனைவி சாகக் கிடக்கிறாள், தயவு செய்து நிறுத்தாதீர்கள் என்று கேட்டிருக்கிறான். தண்ணீர் எல்லோருக்கும் பொது என்று பதில் வந்தது. கூடவே, இரண்டு பேர் இலவசமாகப் படகில் சுற்றி வர ஒரு சீட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறான். யோப் அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினான். எனக்கு வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

இதெல்லாம் ட்ரூஸுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று யோப் என்னிடம் சத்தியம் வாங்காத குறை. அவள் என்ன நினைத்துக்கொண்டாள் தெரியுமா? படகில் வருகிறவர்கள் என் மூலமாகத் தன் நோயைக் கேள்விப்பட்டு, நலம் விசாரிக்கத்தான் படகை நிறுத்துகிறார்கள் என்று நினைத்தாள். மருந்து மயக்கத்தில் அவளுக்கு அப்படிப் பட்டது. யார் கையாட்டினாலும் கஷ்டப்பட்டுத் தன் கையைத் தூக்கி ஆட்டினாள். "வெளியூர்க்காரங்களுக்கு நல்ல மனசு ரியா, நம்மாளுங்க மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போகல" என்று என்னிடமே சொன்னாள். நான் காப்பியைக் குடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

ஜூலையில் வெயில் கொளுத்தியது. படகு வீட்டின் தகரம் காய்ந்து உள்ளே இருக்க முடியவில்லை, அதுவரை மூடியிருந்த ஜன்னல் கண்ணாடியை யோப் திறந்து வைத்தான். இரண்டாவது படகு வந்து நின்றது. ஒலிபெருக்கிச் சத்தம் நேராக அவள் தலைமாட்டில் விழுந்தது. ஆங்கிலம்தான், ஆனால் எங்கள் ஊரில் ஆங்கிலம் யாருக்குத்தான் தெரியாது? முதல் செடி, ராணி, தெளியாத போதை, எல்லாவற்றையும் கேட்டாள். படகிலிருந்து ஒருத்தன், "ராணியம்மா, எங்களுக்கும் ஒரு இழுப்பு" என்று கத்தினானாம். எல்லோரும் சிரித்தார்களாம்.

அன்று சாயங்காலம் நான் போனபோது அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"முப்பது வருஷம் டிராம் ஓட்டினேன். ஒரு சைக்கிள இடிச்சதில்ல, ஒரு பூனைய ஏத்தினதில்ல. கடைசியில இந்தப் பேரோடயா போகணும்?"

"விடுக்கா, அந்த நாய் பேச்ச" என்றேன்.

"அது கெடக்குது. நான் அவங்களுக்குக் கையாட்டினேனேடி" என்றாள். "சிரிக்க வந்தவங்களுக்குப் போய், தெனமும் கையாட்டினேனே."

யோப் எழுந்து போய்ச் சுத்தியலை எடுத்து வந்தான். அந்த ஜன்னலுக்குத் திரை மாட்ட ஒரு கம்பிகூடக் கிடையாது. நீலப் படுக்கை விரிப்பு ஒன்றை மடித்து, ஜன்னல் சட்டத்தில் வைத்து ஆணி அடித்தான். தண்ணீர் மறைந்தது. அவள் கேட்ட ஒன்றே ஒன்று அதுதான், அதையும் அவள் புருஷன் கையாலேயே பிடுங்க வைத்துவிட்டார்கள். மறுநாள் காலை படகுச் சாவியைப் பாஸ்டியானின் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். நல்லவிதமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன் என்று நினைக்காதீர்கள்.

அதற்குப் பிறகு தினமும் ட்ரூஸோடு போய் உட்கார்ந்தேன். பகலிலேயே விளக்கு போட்ட அறை, புழுக்கம், மருந்து வாடை. அவள் மெலிந்துகொண்டே வந்தாள். தண்ணீரில் என்ன நடக்கிறது என்று கேட்பாள். நான் விரிப்பின் ஓரத்தை விலக்கிப் பார்த்துச் சொல்வேன். நாமக்கோழி குஞ்சு பொரித்துவிட்டது, எதிர்வீட்டுக்காரன் சைக்கிளைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கொக்கியால் துழாவுகிறான், இப்படி. கேட்கும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். தன் வீட்டு ஜன்னலில் தானே பார்க்க முடியாமல், குருடிக்குச் சொல்வதுபோல அடுத்தவள் சொல்லிக் கேட்க வேண்டுமா ஒரு மனுஷி?

ஒரு மதியம் படகு வந்து நின்றது. என் இடத்துக்கு வெளியூரிலிருந்து புது ஆள் பிடித்திருந்தார்கள், கூடவே பாஸ்டியானே மைக்கைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். மூடின ஜன்னலுக்கும் கதை கட்டியிருந்தான்.

"எங்க ஊர்ல பகல்ல யாரும் ஜன்னல மூடமாட்டாங்க. மூடினா என்ன அர்த்தம் தெரியுமா? உள்ள ஏதோ வளருது."

சிரிப்பு துணியைத் தாண்டி வந்தது. யோப் எழுந்தான். மூலையில் இருந்த படகுக் கோலை எடுத்தான். பிஸ்கட் டப்பாவை மூடுகிற அந்த மனிதன் அன்றைக்குக் கொலையே செய்திருப்பான், நானும் தடுத்திருக்கமாட்டேன்.

"யோப், அதக் கீழ வை" என்றாள் ட்ரூஸ். குரலே இல்லை, காற்றுதான் வந்தது. "அந்தத் துணிய எடு."

"அவங்க நிக்கிறாங்க ட்ரூஸ்."

"நிக்கட்டும். மறைக்கிறதுக்கு நான் என்ன திருடினேனா? எனக்குத் தண்ணியப் பாக்கணும்."

யோப் என்னைப் பார்த்தான். நான் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன், அவன் மறுமுனையை இழுத்தான். ஆணியோடு கிழிந்து வந்தது. வெளிச்சம் கட்டில்மேல் கொட்டியது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் படகு. உயர்த்திப் பிடித்த போன்கள், பாதி சிரித்த வாய்கள். ட்ரூஸுக்குத் தலையில் முடியில்லை, தோல் மஞ்சளாகி எலும்போடு ஒட்டியிருந்தது. அவள் எதையும் இழுத்துப் போர்த்திக்கொள்ளவில்லை. சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. முன்வரிசையில் இருந்த பெண் ஒருத்தி போனை மடியில் கவிழ்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ட்ரூஸ் அவர்களைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் வாய் எனக்குத் தெரியும். ஆனால் அவள் ஒருத்தர் முகத்தையும் பார்க்கவில்லை. விளக்கு எரிகிற அடுத்த வீட்டைக் கடக்கும்போது நாங்கள் எப்படிப் போவோமோ, அப்படி அவள் பார்வை படகைத் தாண்டித் தண்ணீருக்குப் போனது. அங்கே குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டு அமைதியாகப் படுத்திருந்தாள்.

பாஸ்டியானுக்கு அது புரிந்தது. அந்தப் படகில் அது புரிகிற ஒரே ஆள் அவன்தான். காது சிவந்து, மைக் பிடித்த கை கீழே இறங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, படகை எடுக்கச் சொல்லி ஓட்டுகிறவனுக்குச் சைகை காட்டினான். ட்ரூஸ் அளவுக்கு எனக்கு மரியாதை தெரியாது. ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, படகு பாலத்துக்கு அடியில் போய் மறைகிறவரை அவனை முறைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன்.