துரு பார்க்கப் போனவர்

உப்பு லோடு அடித்த வண்டிகளின் அடிப்பகுதி, மேலே தெரிவதைவிட நீளமாக இருக்கும். துருப்பிடித்த இரும்பு உப்பிக்கொண்டே போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கதவும் பின் தொட்டியும் பெயிண்டுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை அடக்கத்தான் ஆளில்லை. அதனால் தூத்துக்குடிப் பக்கம் பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் சுத்தியல், டார்ச், ஒரு வேளைச் சாப்பாடு ஆகியவற்றோடுதான் போவார்கள். வண்டி மிகவும் பழையது என்றால் ஒரு போர்வையும் சேரும்.

இந்த நீளம் வாங்க வந்தவருக்கு மட்டுமே உண்டு. வண்டி ஒருவருக்குச் சொந்தமாகிவிட்டால் அவர் கண்ணுக்கு அடியில் இருப்பது சைலன்சர், ஸ்டெப்னி டயர், சொட்டும் ஆயில், அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் துருவைத் தேடுவதில்லை.

பேச்சித்தாய் விளாத்திகுளத்தில் கல்யாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடுகிறவள். போன முகூர்த்தத்தில் அவள் அமர்த்திய வாடகை வண்டி, பந்தி முடிந்து தாம்பூலம் கொடுக்கும் நேரத்தில் அண்டாக்களைக் கொண்டுபோய் இறக்கியது. பெண்ணின் அப்பா அத்தனை பேர் முன்னிலையில் அவளைப் பேசாத பேச்சு பேசினார். அன்றே சொந்தமாக ஒரு வண்டி வாங்குவது என்று நினைத்தாள். ஆனால் அவள் எதையும் சட்டென்று முடிவு செய்கிறவள் அல்ல. சேலைக் கடையில் அவள் நுழைந்தால் விற்கிறவர்கள் முதலில் டீ குடித்துவிட்டு வருவார்கள். நினைத்து நினைத்து வைகாசியும் நெருங்கிவிட்டது. அடுத்த கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்தாயிற்று.

வண்டி விற்கிற சலேத் மேரியின் வீடு உப்பளத்தை ஒட்டி இருந்தது. வெள்ளை பிக்கப் வாசலில் நின்றது. பெயிண்டில் ஒரு கீறல் இல்லை.

"வாங்கக்கா. சுத்தியல் கொண்டாந்திருக்கீங்களா?" என்று சலேத் கேட்டாள்.

"இருக்கு. உள்ள எம்புட்டுத் தூரம் இருக்கும்?"

"கடைசியா வந்தவரு மத்தியானம் வரைக்கும் நடந்துட்டு, கால் வலிக்குன்னு திரும்பிட்டாரு."

சலேத் வீட்டுக்குள் போய் வாழை இலையில் கட்டிய இரண்டு பொட்டலங்களை எடுத்து வந்தாள். "ஒண்ணு ஒங்களுக்கு. இன்னொண்ணு எங்க வீட்டுக்காரருக்கு. உள்ளதான் இருக்காவ."

மூன்று வருடத்துக்கு முன் இந்த வண்டியை வாங்கப் போனபோது, அவள் கணவன் மிக்கேல் துரு பார்ப்பதற்காக அடியில் நுழைந்தான். பொழுது சாய்ந்தும் வெளியே வரவில்லை. காலையில் வேறு ஆள் வருகிறான் என்று விற்கிறவர் அவசரப்படுத்தினார். சலேத் சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன மாத்திரத்தில் வண்டி அவளுடையதாகிவிட்டது. குனிந்து பார்த்தபோது மிக்கேல் அங்கே இல்லை. முன்பக்கம் புகுந்து பின்பக்கம் வந்தாள். சேலையில் கிரீஸ் பட்டதுதான் மிச்சம். பிறகு அவளே வண்டி ஓட்டப் பழகி உப்பு லோடு அடித்தாள். முதலில் வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் அடியிலிருந்து "மெல்ல, மெல்ல" என்று அவன் குரல் கேட்கும். நாளாக நாளாகக் குரல் மெலிந்தது. பொங்கலுக்குப் பிறகு கேட்கவே இல்லை. அதன்பிறகுதான் வண்டி விற்பனைக்கு என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினாள்.

"விக்கலன்னா யாரு உள்ள போவா, சொல்லுங்க?" என்றாள். "வந்தவங்கல்லாம் அவியளப் பாத்தோம்னுதான் சொல்லுதாங்க. வேலையா இருக்காவளாம்."

பேச்சித்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பம்பருக்குக் கீழே புகுந்தாள். கொஞ்ச தூரம் தவழ்ந்த பின் எழுந்து நிற்க முடிந்தது.

தலைக்கு மேலே இரண்டு நீளச் சட்டங்கள் எதிரே கண்ணுக்கெட்டியவரை ஓடின. அங்கங்கே குறுக்குச் சட்டங்கள். வற்றல் பொடி போல ஒரு செந்தூள் உதிர்ந்துகொண்டே இருந்ததால் இரண்டு முறை தும்மினாள். சைலன்சர் சாய்ந்த பனைமரம் போலக் கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனாள். சுத்தியலால் இடப்பக்கம் ஒரு தட்டு, வலப்பக்கம் ஒரு தட்டு. நல்ல இரும்பு ணங் என்றது. சில இடங்களில் மேல்துரு மட்டும் செதிலாகக் கழன்று விழ, உள்ளே இரும்பு கறுப்பாகத் திடமாக இருந்தது. அதில் குற்றமில்லை. ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் ஏற்கனவே யாரோ சாக்கட்டியால் சரி என்று குறி போட்டிருந்தார்கள். அந்தக் குறிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

குறிகள் முடிந்த இடத்தில் மிக்கேல் இருந்தான். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான். தாடி செந்தூள் படிந்து செங்கல் நிறமாகியிருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, தூள் விழும்" என்றான்.

"சாப்பாடு குடுத்து விட்டிருக்காங்க அண்ணாச்சி."

இருவரும் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். சாளை மீன் குழம்பு. மிக்கேல் முதல் உருண்டையை வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் மெல்லாமல் இருந்தான். "உப்பு கூடப் போயிருக்கு. நான் பக்கத்துல இல்லன்னா அப்படித்தான் போடுவா" என்றான். பிறகு ஒரு பருக்கை விடாமல் தின்றான்.

"வண்டி எப்படி அண்ணாச்சி, வாங்கலாமா?"

"இடது பக்கம் சுத்தம். வலது பக்கம் ஒரு எடத்துல சந்தேகம். கிட்டப் போனா அது தள்ளித் தள்ளிப் போகுது. முழுசாப் பாக்காம எப்படிச் சொல்ல? எங்க வீட்டுல வெளிய காத்துக்கிட்டு நிக்கா. நல்லாப் பாத்துச் சொல்லுங்க, அப்புறம் வாங்கலாம்னு சொல்லித்தான் அனுப்புனா."

பேச்சித்தாய் இலையை மடித்தாள். "அவங்க வண்டிய வாங்கி மூணு வருசமாச்சே."

மிக்கேல் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினான்.

"வாங்கிட்டாளா?"

"வாங்கி அவங்களே ஓட்டுதாங்க. உப்பு லோடு."

"ஓடுத மாதிரித்தான் இருந்துச்சு. சரி, ஓட்டிப் பாக்கா போலன்னு நெனச்சேன்." தாடியைத் தடவினான். "என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல, பாருங்க."

இதற்கு முன் வந்தவர்கள் எல்லோரும் அவனிடம் துருவைப் பற்றி மட்டுமே கேட்டிருந்தார்கள். இதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"அப்படின்னா இது நம்ம வண்டி" என்றான் மிக்கேல். சொல்லி முடித்ததும் அவன் அங்கே இல்லை. எங்கோ தொலைவில் ஒரு தலை சைலன்சரில் இடிக்கும் சத்தமும், ஒரு பெண் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதும் கேட்டன.

பேச்சித்தாய் அவன் விட்டுப்போன சாக்கட்டியை எடுத்துக்கொண்டு வலப்பக்கச் சட்டத்தைத் தொடர்ந்து நடந்தாள். அவன் சொன்னது சரிதான். கறுத்துப் பொருமிய ஓர் இடம் தெரிந்தது. போகப் போக விலகியது. கால் ஓய்ந்ததும் அவள் உட்கார்ந்துவிட்டாள். துரு உட்கார்ந்திருப்பவர்களைத் தேடி வரும். அதுவும் மெல்ல ஊர்ந்து அவள் தலைக்கு நேரே வந்து நின்றது.

ஒரே தட்டு. சத்தமே வரவில்லை. அப்பளத்துக்குள் போவது போலச் சுத்தியல் உள்ளே போயிற்று. ஓட்டையில் அவள் கை முழங்கை வரை நுழைந்தது.

ஆனாலும் பெயிண்ட் நன்றாக இருக்கிறதே என்று நினைத்தாள். தொலைவில் ஒரு குறுக்குச் சட்டம் புதிதாக முளைத்தது. ஆனாலும் வைகாசி வந்துவிட்டதே. இன்னொன்று முளைத்தது. ஆனாலும் ஓட்டை ஒன்றுதானே என்று நினைத்தபோது வரிசையாக ஐந்தாறு முளைத்தன. அவள் நுழைந்து வந்த வழியின் வெளிச்சம் நெற்றிப்பொட்டு அளவுக்குச் சிறுத்துவிட்டது. பயமாகத்தான் இருந்தது. அண்டாக்களை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி பாலத்தின் நடுவே இரண்டாக மடிவதைக் கண்ணை மூடிப் பார்த்தாள். ஓட்டுகிறவன் பக்கத்தில் அவளே உட்கார்ந்திருந்தாள்.

"வேண்டாம்" என்று சத்தமாகச் சொன்னாள்.

அவள் மூக்கு ஸ்டெப்னி டயரில் முட்டியது. தவழ்ந்து வெளியே வந்தாள்.

வாசலில் மிக்கேல் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தான். நெற்றியில் புடைத்திருந்தது. சலேத் ஒரு காந்தத்தை வைத்து அவன் தாடியிலிருந்து துருவை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கேக்காம வாங்கிட்டா" என்று அவன் பேச்சித்தாயிடம் முறையிட்டான்.

"கேக்கதுக்குத்தான் ஒங்களை அனுப்புனேன். நீங்க வந்தாத்தான?" என்றாள் சலேத். கை காந்தத்தை விடாமல் ஓட்டியது.

"வலது பக்கம், பின்சக்கரத்துக்கு முன்னால. முழுக்க ஓட்டை" என்றாள் பேச்சித்தாய்.

"அங்கதான் நான் சந்தேகப்பட்டேன்." மிக்கேலின் முகம் தெளிந்தது. "அந்தத் துண்ட வெட்டி எடுத்துட்டுப் புது இரும்பு வச்சு வெல்டிங் பண்ணிருவேன்."

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இனி வண்டி விக்கதுக்கு இல்ல" என்றாள் சலேத்.

"நானும் வாங்கதுக்கு இல்ல. ஆனா வைகாசியில எனக்கு லோடு இருக்கு. அண்டா, கொப்பரை, பந்தி மேச. பந்திக்கு முன்னால வந்து சேரணும்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த முறை அவள் அவனைக் கேட்டாள். அவன் தலையாட்டினான். அவர்கள் வைகாசியில் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். அதற்குப் பிறகும் வந்துகொண்டிருக்கிறார்கள்.

அன்று பேச்சித்தாய் உப்பளத்துச் சாலையில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். பஸ் வந்து நின்றிருந்தது, ஆனால் கிளம்ப முடியவில்லை. வெயில் தாழ்ந்துவிட்டதால் மேற்குப் பாத்திகளில் இருந்த உப்புக் குவியல்கள் தினமும்போலத் தாமாகவே ஊர்ந்து சாலையைக் கடந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தன. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு வேர்க்கடலை தின்றார். கடைசியாக வந்த சின்னக் குவியலால் சாலை ஓரத்து மேட்டில் ஏற முடியவில்லை. பேச்சித்தாய் அதன் முதுகில் கை கொடுத்துத் தள்ளிவிட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. அது ஏறிப் போனதும் கையைத் தட்டிவிட்டு, பஸ்ஸில் ஏறி, விளாத்திகுளத்துக்கு ஒரு டிக்கெட் கேட்டாள்.