ஏறும் பாதை, இறங்கும் பாதை

எங்கள் வீட்டில் யாருக்கும் உட்கார்ந்து காத்திருக்கத் தெரியாது. யாராவது வரக் கால் மணி நேரம் தாமதமானால் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு தேடப் போய்விடுவார். அவரைத் தேடி அம்மா, அம்மாவைத் தேடி நான், என்னைத் தேடித் தம்பி சுண்டு. காணாமல் போனவர் வேறு வழியாக வீடு வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு எங்களைத் தேடக் கிளம்பிவிடுவார். அக்கம்பக்கத்தில் எங்களுக்கு 'தேடுற வீடு' என்றே பெயர்.

அப்படிப்பட்ட சுண்டுவும் நானும் ஆறு வருஷமாக ஒருவரை ஒருவர் தேடவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வெளியூரில் வேலையில் இருந்த அவனிடம், "நீ வரவேணாம்டா, அங்கேயே இரு, நான் பாத்துக்கறேன்" என்று போனில் சொன்னது நான்தான். நானே ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை செய்கிறவள். டாக்டர் முகத்தைப் பார்த்தே எல்லாம் தெரிந்துவிடும் என்கிற மிதப்பு எனக்கு, அம்மா பிழைத்துவிடுவாள் என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். காரியத்துக்கு வந்தவன் என் முகத்தைப் பார்க்காமலே திரும்பினான். அதற்கப்புறம் நல்லது கெட்டதுக்கு இரண்டு வரி எழுதி அனுப்புவதோடு சரி.

போன வாரம் அவனே கூப்பிட்டான். ஏதோ பாலம் கட்டுவதற்கு நிலம் அளக்கப் போகிறானாம், எங்கள் ஊரில் ரயில் மாற வேண்டுமாம், நடுவில் ஒரு மணி நேரம் இருக்கிறதாம். ஸ்டேஷனை ஒட்டியிருக்கும் புது மாலில் பார்க்கலாமா என்று கேட்டான். நேரில் பார்த்து, கையைப் பிடித்து, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அன்றைக்கு லீவு போட்டேன்.

அந்த மால் கட்டடத்தைக் கட்டினவனை எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மாடி என்று ஒன்றே கிடையாது. ஒரே சுருளாக உரித்த ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு சரிவுப் பாதை ஏழு சுற்று சுற்றி மேலே போகிறது, ஓரமெல்லாம் கடை. அதன் இடைவெளிக்குள்ளேயே இன்னொரு பாதை சுற்றிச் சுற்றிக் கீழே வருகிறது. ஒன்று ஏற மட்டும், ஒன்று இறங்க மட்டும். திரும்பி நடக்க முடியாதபடி சுற்றுக்கொரு சுழல் கம்பி வைத்திருக்கிறார்கள், அது ஒரு பக்கம்தான் திரும்பும். நடுவே பெரிய வெற்றிடம், தலைக்கு மேல் கண்ணாடிக் கூரை. எல்லாரும் அண்ணாந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முழங்கால்தான் ஞாபகம் வந்தது. இருந்த ஒரே லிஃப்ட்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது.

நான் தெருப் பக்கத்துக் கதவு வழியாக வந்தேன், அது கீழே. ஸ்டேஷனிலிருந்து நடைபாலம் வந்து சேரும் கதவு உச்சியில். அவன் அங்கே நிற்பதாகப் போனில் சொன்னான். அங்கேயே இரு, நான் ஏறி வருகிறேன் என்றேன். உன் முழங்காலை வைத்துக்கொண்டா, நீ இரு, நான் இறங்கி வருகிறேன் என்றான். சரி என்றேன். அவனும் சரி என்றான். இரண்டு பேருமே நடக்க ஆரம்பித்துவிட்டோம்.

நான் மூச்சு வாங்க உச்சிக்குப் போய்ச் சேர்ந்தால், அவன் கீழேயிருந்து கூப்பிடுகிறான். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவனும் சிரித்தான். ஆறு வருஷத்துக்கப்புறம் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். அந்தச் சந்தோஷத்தில் புத்தி மழுங்கிவிட்டது. எப்படியும் ரயிலுக்கு அவன் மேலேதான் வந்தாக வேண்டும், நான் நின்ற இடத்தில் நின்றிருந்தால் போதும். எங்கே நின்றேன்? பாவம், கீழே தனியாக நிற்கிறானே என்று இறங்க ஆரம்பித்தேன். இரண்டு சுழல் கம்பி தாண்டின பிறகுதான் எதிர்ப்புறம் பார்த்தேன். வெற்றிடத்துக்கு அந்தப் பக்கம், ஏறும் பாதையில், தோளில் பையோடு சுண்டு.

அவனும் என்னைப் பார்த்துவிட்டான். இரண்டு பேரும் கைப்பிடிச் சுவரோடு நின்றோம். நடுவில் ஒரு தெரு அகலம்தான். தலை நரைத்திருந்தது அவனுக்கு, அப்பாவின் நெற்றி வந்திருந்தது. நான் கீழே போய்த் திரும்ப ஏறி வர அரை மணி ஆகும். அவன் ரயிலுக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது.

போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்தபடியே சொன்னேன். "தப்பு என்னுதுடா. உன்ன வரவேணாம்னு நான் சொல்லிருக்கக் கூடாது."

அவன் பின்னால் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"உன்மேல எனக்குக் கோவமே இல்லக்கா," என்றான். "நம்ம வீட்டுல யாராவது இருன்னு சொன்னா என்னைக்காவது இருந்திருக்கோமா? அன்னைக்கு மட்டும் நான் ஏன்க்கா சொன்ன பேச்சக் கேட்டு உக்காந்தேன்?"

அவன் கோபத்துக்கு மட்டும்தான் என்னிடம் ஆறு வருஷமாகப் பதில் தயாராக இருந்தது. அவன் புறங்கையால் முகத்தைத் துடைப்பது நன்றாகத் தெரிந்தது. பக்கத்தில் இருந்திருந்தால் இழுத்து அணைத்திருப்பேன். மறுபடி எப்போது வருவாய் என்று கேட்டேன். வேலை முடிய ஒன்றரை வருஷம் ஆகும் என்றான். பிறகு கையை உயர்த்திக் காட்டிவிட்டு ஏறிப் போனான். அடுத்த வளைவில் ஒரு துணிக்கடை அவனை மறைத்துக்கொண்டது.

நான் போய்ச் சேர்வதற்குள் ரயில் கிளம்பியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே வேகவேகமாகக் கீழே இறங்கினேன். கீழே போனால்தானே மறுபடி மேலே ஏற முடியும்.