மறைத்த தடிப்பு

பக்கீர் முகைதீன் ஹாஜியார், அவர் மனைவி சுபைறா, காரைதீவிலிருந்து வந்த மிருக வைத்தியர் தர்சிகா, மாப்பிள்ளை ஊர்வலங்களுக்குப் போகும் வெள்ளைக் குதிரை. அன்று ஹாஜியாரின் வீட்டு வளவில் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான்.

"போன வருசம் ஊசி போட்டதுக்குப் பொறகு குதிரைக்கு ஏதும் செஞ்சதா, ஹாஜியார்?" என்று கேட்டார் தர்சிகா.

"எங்கட வளவுக் குதிரையில ஒரு குறையுமில்ல, டொக்டர்."

ஏற்புவலி வராமலிருக்க வருடாவருடம் போடும் ஊசி ஏறிக் கால்மணி நேரம் ஆகவில்லை, குதிரையின் கழுத்தெல்லாம் அப்பம் அப்பமாகத் தடித்தது. மூச்சு விசிலடித்தது. முன்கால்கள் நடுங்கின. குறையுள்ள குதிரையில் யார் மாப்பிள்ளையை ஏற்றுவார்கள் என்றுதான் போன வருடம் ஹாஜியார் வாயை மூடிக்கொண்டார். இப்போது அந்தக் குதிரை அவர் கண்ணெதிரே மூச்சுக்குத் திணறியது.

"இன்னும் கண்ணூறு பட்டது எண்டுதான் சொல்லப் போறீங்களா? வாயத் திறங்க," என்றாள் சுபைறா.

ஹாஜியார் தர்சிகாவின் பக்கம் திரும்பினார். "போன வருசமும் தடிச்சதுதான், டொக்டர். கண்ணூறெண்டு ஓதின தண்ணி தெளிச்சிட்டு விட்டுட்டன்."

தர்சிகா உடனே ஒவ்வாமையை முறிக்கும் வேறோர் ஊசியை ஏற்றினார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது குதிரை புல்லைக் கடித்தது.

டொக்டர் மருந்தை மாற்றிப் போட்டுவிட்டார் என்று கல்முனைச் சந்தையில் ஒரு கதை உலவுகிறது. அது பொய். மருந்து சரியானது. மறைத்தவர் ஹாஜியார்.